தாகமில்லாத ஊரில் பிறந்தவன்

ஆனிக் காற்று நின்ற மறுநாள் உடங்காட்டுவிளையில் ஒருவருக்கும் தாகம் எடுக்கவில்லை. அன்றைக்கு அதை யாரும் கண்டுகொள்ளவும் இல்லை, ஏனென்றால் நாக்கு வறண்டால்தான் மனுசன் நாக்கை நினைப்பானே தவிர, வறளாத நாக்கைப் பற்றி எவன் யோசிக்கிறான். அதுவும் போக, கடற்கரைக்கும் கரிசலுக்கும் நடுவே செக்கச்செவேலென்று கிடக்கிற அந்தத் தேரிக்காட்டில், காற்றடித்து முடிந்தால் மேடு இருந்த இடத்தில் பள்ளமும் பள்ளம் இருந்த இடத்தில் மேடுமாக மணல் இடம் மாறியிருக்கும், வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் வரை வந்து குவிந்திருக்கும், அதை அள்ளி வெளியே கொட்டவே ஊருக்குப் பொழுது சரியாக இருந்தது. சாயங்காலம் தண்ணீர் லாரி வந்து உறுமிக்கொண்டு நின்றபோது ஒரு குடம்கூட வரிசைக்கு வரவில்லை. லாரிக்காரன் ஹாரனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, ஊரில் ஏதோ பெரிய சாவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

வாய்விட்டு முதலில் சொன்னவள் தங்கபுஷ்பம்தான். லாரி வரிசையில் அவள் வாய்க்கு எதிரே நிற்க ஊரில் ஆள் கிடையாது, குழாயைப் பிடித்தாளென்றால் தன் குடம் நிறைகிறவரை பூலோகமே காத்திருக்க வேண்டும், அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் வெறுங்கையோடு தெருவில் வந்து நின்று, “ஏ பிள்ளைகளா, காத்து நின்னதுலேருந்து நான் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலட்டீ, நீங்க குடிச்சியளா?” என்று கேட்டாள். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். யாரும் குடித்திருக்கவில்லை.

அதன்பிறகு ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் ஊர் என்பது எதையும் எடுத்துக்கொள்ளும், வேண்டாததையே அத்தனை சுளுவாக எடுத்துக்கொள்கிற ஊர் வேண்டியதையா விடும். கோயிலில் ஒரு கிடா வெட்டினார்கள், சர்ச்சில் ஒரு ஸ்தோத்திரப் பூசை வைத்தார்கள், அத்தோடு நன்றி செலுத்துகிற வேலை முடிந்தது. டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டுப் பொரிகடலை விற்க ஆரம்பித்தார். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் மட்டும் தாகம் போகவில்லை, அவை கத்துகிற கத்தலை யார் கேட்பது என்று எல்லாவற்றையும் வியாபாரிகளுக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். காலியாகக் கிடந்த குடத்திலும் தொட்டியிலும் அண்டாவிலும் தானியத்தைக் கொட்டி வைத்தார்கள். தினமும் மணல் அள்ளிச் சுத்தம் செய்தால்தான் ஊறுகிற ஊற்றுக்கு ஒரு வீடு ஒருநாள் என்று முறை வைத்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள், முறையையும் மறந்தார்கள், ஊற்றையும் மறந்தார்கள். மணல் அதை மூடி மேலே ஒரு மேட்டையும் போட்டது.

தங்கபுஷ்பத்தின் புருசன் லிங்கதுரைக்குத்தான் இதில் அடித்தது யோகம். அவர் அதுவரை ஊரில் ஒரு வேலைவெட்டி இல்லாத ஆள் என்று பெயரெடுத்தவர், தேரிக்குள் அலைந்து வெள்ளெலி பிடிப்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த தொழில், பிடித்ததைச் சுட்டுத் தின்பதோடு சரி. ஆனால் வெள்ளெலியைப் பற்றி அவரைக் கேட்டால் பொழுதுக்கும் சொல்லுவார்: வயிறு வெள்ளை, முதுகு மணல் நிறம், வால் நுனியில் கறுப்பாக ஒரு குஞ்சம், முன்னங்கால் சிறுத்து பின்னங்கால் நீண்டு தத்தித் தத்திப் போகும், அது பிறந்து சாகிறவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காது, விதைக்குள் இருக்கிற ஈரமே அதற்குப் போதும், மூத்திரம்கூட ஒரு துளிக்கு மேல் விடாது, வெயில் ஏறினால் வளைக்குள் போய் உள்ளேயிருந்தே வாசலை மணலால் அடைத்துக்கொள்ளும், அதன் மூச்சில் இருக்கிற ஈரம் வளையைவிட்டுப் போகாமல் சேர்த்து வைத்த தானியத்தில் போய் இறங்கும், அதைத் தின்றால் விட்ட மூச்சு திரும்ப வயிற்றுக்கே வந்துவிடும். இதையெல்லாம் முன்பு சொன்னபோது சிரித்தவர்கள் இப்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். வெள்ளெலி எப்படிப் பிழைக்கிறதோ அப்படித்தான் இனி நாமும் பிழைக்க வேண்டும் என்று அவர் சொல்ல, ஊர் ஒத்துக்கொண்டது.

அதிலிருந்து உச்சிப்பொழுதில் உடங்காட்டுவிளைக்குள் வந்தால் ஒரு வீடு திறந்திருக்காது. கதவிடுக்கில் துணியை அடைத்து, சன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு, தானியத்தைத் தரையில் பரப்பி, அதைச் சுற்றி வீட்டோடு படுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார்கள். வெயில் தாழ்ந்தால் எல்லாரும் வெளியே வருவார்கள், வந்தாலும் ஓரிடத்தில் இருப்பு கொள்ளாது, காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைவார்கள், புல்லரிசியோ உடைங்காயோ கையில் அகப்பட்டதைப் பொறுக்கி மடியில் கட்டுவார்கள், நேற்று வடக்கு மூலையில் வைத்த தானியத்தை இன்று தெற்கு மூலைக்கு மாற்றுவார்கள், அடுத்த வீட்டுக்காரி பார்த்துவிட்டாளோ என்று திரும்பவும் மாற்றுவார்கள். பேசும்போது ஒரு கால் தானாகவே தரையைத் தட்டிக்கொண்டிருக்கும். வெள்ளெலியும் அப்படித்தான், பயம் வந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டும் என்று லிங்கதுரை சொன்னார், ஆனால் பயம் எதைப்பற்றி என்று கேட்டவனிடம் வாலின் குஞ்சத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஊர்க்கூட்டம் போட்டால் அத்தனை காலும் தட்டுகிற சத்தத்தில் பேசுகிறவன் குரல் கேட்காது. கூட்டம் போடுவதையும் விட்டுவிட்டார்கள்.

மணலைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது சந்தனராஜ் போனபோது தெரிந்தது. அவர் லிங்கதுரையின் சேக்காளி. தாகம் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும், வெளியூரில் ஒரு கல்யாணம் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார், வழியனுப்ப லிங்கதுரையும் கூடவே போனார். தேரி முடிந்து தார்ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் சந்தனராஜ் காலை வைத்ததுதான் தாமதம், அந்த ஒரு மாதத்துத் தாகமும் மொத்தமாக அவர் மேல் இறங்கியது. ரோட்டோரத் தோட்டத்துப் பம்புசெட் தொட்டிக்கு ஓடினார், தலையைக் கவிழ்த்துக் குடித்தார், குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார், தோட்டத்து ஆட்கள் தூக்கி எடுத்தபோது உயிர் இல்லை. ஓரடி தள்ளி மணலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த லிங்கதுரை அந்த ஓரடியை வைக்கவில்லை. அதற்குப்பிறகு ஊரில் எவனும் வைக்கவில்லை, ஐப்பசியில் மழை பெய்தபோதுகூட, தானியம் நனைந்துவிடுமே என்று வைதுகொண்டு வீட்டுக்குள்தான் இருந்தார்கள்.

அந்த மழையில்தான் ஜெயக்கனி வந்து இறங்கினாள். தங்கபுஷ்பத்துக்கு ஒரே மகள், மும்பையில் மாவு மில் வைத்திருக்கிறவருக்குக் கட்டிக்கொடுத்து, இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்காமல் போய், மூன்றாவது இப்போது ஏழாம் மாதம். தலைப்பிள்ளை ஆத்தாள் வீட்டில்தான் பிறக்க வேண்டும். வராதே என்று சொல்லியிருக்க வேண்டியவள் தங்கபுஷ்பம், வா வா என்று போனில் அழைத்தவளும் அவள்தான், ஏனென்றால் இரண்டு தடவையும் மகள் பக்கத்தில் இல்லாமல் போனது அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது, இந்தப் பிள்ளையை மட்டும் கையில் வாங்கிவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தாள். வந்த புதிதில் ஜெயக்கனி தண்ணீர் கேட்டாள், மும்பையிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தீர்ந்ததும் மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடித்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் பார்த்தால் அவள் காலும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. இனி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, ரோட்டைத் தாண்டினால் தாய்க்கு ஆகாது என்று லிங்கதுரை முடிவாகச் சொல்லிவிட்டார்.

தை பிறந்து, பிள்ளையும் பிறந்தான். மூக்கும் முழியுமாக, தலை நிறைய முடியோடு, ஒரு குறை சொல்ல முடியாத ஆண்பிள்ளை. பேறுகாலம் பார்த்த ஞானப்பூ அவனைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், மூச்சு வந்தது, கை கால் ஆடியது, அழுகை மட்டும் வரவில்லை. அவன் பெரிய கண்ணைத் திறந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வாயை இறுக்க மூடிக்கொண்டு, குதிகாலால் துணியைத் தட்டினான்.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. தாகமே அறியாமல் பிறந்த முதல் பிள்ளை என்று வந்து வந்து பார்த்தார்கள், ஆளுக்கொரு பிடி தானியம் கொண்டுவந்து தொட்டிலுக்கு அடியில் கொட்டினார்கள், லிங்கதுரை வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்ற அழகைப் பார்க்க வேண்டுமே, ஏதோ அவரே பெற்றது மாதிரி. உள்ளே ஜெயக்கனிக்குப் பால் கட்டி மார் கல்லாகக் கிடந்தது. பிள்ளையின் வாயில் காம்பை வைத்தால் அவன் முகத்தைத் திருப்பவில்லை, அழவில்லை, வெறுமனே வாயை மூடிக்கொண்டு பார்த்தான். பாலைப் பிழிந்து உதட்டில் தடவினால் அது வழிந்து கழுத்துக்குப் போனது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கன்னம் ஒட்டி, உச்சிக்குழி உள்வாங்கி, தட்டிக்கொண்டிருந்த கால்கூட மெதுவாகத் தட்டியது.

 இரண்டு தடவை பேரப்பிள்ளையைக் கண்ணால் பார்க்காமலே பறிகொடுத்தவள் தங்கபுஷ்பம், இது கண்ணெதிரே கரைகிறது. அவள் போய்ப் புருசனை உலுக்கினாள்.

“ஏங்க, வெள்ளெலிக் குட்டி பிறந்ததும் என்ன செய்யும்? பால் குடிக்குமா குடிக்காதா?”

“குட்டியை நான் எங்கட்டீ பார்த்தேன், நான் பிடிச்சதெல்லாம் பெருசு.”

“இம்புட்டு நாள் ஊருக்கே பாடம் நடத்துனியளே.”

 லிங்கதுரையின் கால் வேகமாகத் தட்டியது.

அவள் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு, நல்ல வெயிலில், கதவைத் திறந்து போட்டுவிட்டு தேரிக்குள் நடந்தாள். உடைமரத்து வேர் ஓடிய மேட்டில் வளைகள் இருந்தன, எல்லா வாயும் உள்ளேயிருந்து அடைத்துக் கிடந்தது, அதில் மணல் கொஞ்சம் ஈரக்கறுப்பாக இருந்த ஒன்றைப் பார்த்துத் தோண்டினாள். மணல் சரிய சரிய அள்ளினாள். முழங்கை ஆழத்தில் தானியம் வந்தது, தொட்டால் மெத்தென்று ஈரமாக இருந்தது, அதற்கும் பக்கத்தில் உலர்ந்த புல்லால் ஒரு மெத்தை, அதில் சுண்டுவிரல் பருமனில், மயிர் முளைக்காமல் கண் திறக்காமல் சிவப்பாக நாலைந்து குட்டிகள். அவை சும்மா கிடக்கவில்லை. கீச் கீச்சென்று கத்தின, வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடின, ஒன்று அவள் விரல் நுனியைப் பிடித்து உறிஞ்சவே ஆரம்பித்துவிட்டது. பாலென்ன, அந்த விரலில் வேர்வைகூடக் கிடையாது, ஆனாலும் அது விடமாட்டேன் என்றது. தங்கபுஷ்பம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரே குடிக்காத இனத்திலும் குட்டி தாகத்தோடுதான் பிறக்கிறது, தண்ணீர் இல்லாமல் எப்படி வாழ்வது என்பதை அது பிறகுதான் கற்றுக்கொள்கிறது, இந்த ஊர்க்காரர்கள் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று அவளுக்குப் பட்டது.

அப்போது சற்றுத் தள்ளி மணலைப் பிய்த்துக்கொண்டு தாயெலி வெளியே வந்தது. ஆபத்துக்கென்று மேல் மணலுக்கு நெருக்கமாக ஒரு வழி வைத்திருக்கும், அந்த வழியாக வந்திருந்தது. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்தது, தரையைத் தட்டியது. ஓடிவிடும் என்று நினைத்தாள். அது ஓடவில்லை, அவள் கைக்குக் கீழேயே வந்து, ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, பட்டப்பகல் வெயிலில், பருந்து சுற்றுகிற வானத்துக்குக் கீழே, அடுத்த மேட்டுக்கு ஓடியது. திரும்ப வந்தது, அடுத்ததைக் கவ்வியது. கடைசிக் குட்டி அவள் விரலை விட்டுப் போகிறவரை அவள் அசையவில்லை. ஒரு வளை ஆகவில்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு வளைக்குப் போவதற்கு அது யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் பிள்ளையைத் துணியோடு சுருட்டி நெஞ்சில் அணைத்துக்கொண்டு, “எந்திரி மக்கா, ரோட்டுக்குப் போவோம்” என்றாள். ஜெயக்கனி ஏன் என்று கேட்கவில்லை, சுவரைப் பிடித்து எழுந்தாள். லிங்கதுரை வாசலை மறித்து நின்று, சந்தனராஜ் ஒரு மாதத்துத் தாகத்துக்கே அப்படிப் போனான், உன் மேல் அரை வருசத்துத் தாகம் நிற்கிறது, காலை வைத்ததும் எரிந்து போவாய் என்று சொன்னார். தங்கபுஷ்பம் அவரைத் தள்ளவில்லை.

“எனக்கு என்ன வேணாலும் ஆகட்டும். இவனுக்கு இன்னும் ஒண்ணும் ஆகல பாத்தியளா, அது போதும். தள்ளுங்க” என்றாள்.

அவர் விலகி நின்றார்.

தெருவில் நடக்க நடக்க அடைத்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் தடுக்கவில்லை, யாரும் கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் பின்னால் வந்தார்கள், அத்தனை காலும் மணலைத் தட்டிக்கொண்டே வந்தன. பிள்ளையின் கால் இப்போது தட்டவே இல்லை. தங்கபுஷ்பம் குனிந்து அவன் மூக்கில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பாதி வழியில்தான், கையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்பது அவள் மனதில் பட்டது. தாகமில்லாதவர்களுக்குத் தண்ணீர் ஞாபகம் வருவதில்லை, இடுப்பில் இரண்டு பிடி தானியம் மட்டும் முடிந்துகொண்டு வந்திருந்தாள். திரும்பிப் போனாலும் ஊரில் எங்கே இருக்கிறது தண்ணீர். நடந்தாள்.

மணல் முடிந்தது. தங்கபுஷ்பம் நிற்காமல் காலை எடுத்துத் தார்ரோட்டில் வைத்தாள்.

முதலில் பிள்ளைதான் அழுதான். அது அழுகை மாதிரியே இல்லை, தொண்டையில் அடைத்திருந்த மணலை ஒரே மூச்சில் வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு வீறல், அதைக் கேட்டு ரோட்டோர மரத்துக் காக்கைகள் எழும்பின, மணலில் தட்டிக்கொண்டிருந்த அத்தனை காலும் நின்றன. அடுத்த நொடி தங்கபுஷ்பத்தின் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது, தொண்டைக்குள் கொள்ளிக்கட்டையை இறக்கிய மாதிரி எரிந்தது, கண் இருட்டியது, முழங்கால் மடிந்தது, ஆனால் பிள்ளையைப் பிடித்த கை மட்டும் மடியவில்லை. ஜெயக்கனி அந்த வீறலைக் கேட்டதும் மணல் எது ரோடு எது என்று பார்க்கவில்லை, ஓடி வந்தாள், விழுந்தாள், விழுந்த இடத்திலேயே ரவிக்கையைத் தளர்த்திப் பிள்ளையை வாங்கி மாரில் வைத்தாள். அவன் கவ்விய வேகத்தில் அவள் அம்மாவென்று பல்லைக் கடித்தாள்.

ரோட்டுக்கு எதிரே தோட்டத்தில் முருங்கைக்காய்ச் சிப்பம் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சந்தனராஜ் விழுந்த தொட்டி அந்தத் தோட்டத்துத் தொட்டிதான், அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தங்கபுஷ்பம் கேனைப் பிடுங்கக் கையை நீட்டியபோது அவள் கொடுக்கவில்லை, தலையைப் பிடித்து மடியில் சாய்த்து, கேன் மூடியில் ஊற்றி ஒரு மூடி கொடுத்தாள். “மடமடன்னு குடிக்காதீய அக்கா, வாய நனைச்சா போதும், நான் எங்கயும் ஓடிரமாட்டேன்” என்று சொல்லிச் சொல்லி ஆத்தாளுக்கு ஒரு மூடி, மகளுக்கு ஒரு மூடி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாள். எத்தனை மூடி என்று யாரும் எண்ணவில்லை. உயிர் தங்கிவிட்டது என்று தெரிந்ததும் தங்கபுஷ்பத்துக்குக் கண்ணீர் வந்தது, வந்த கண்ணீரையும் அவள் வீணாக்காமல் நாக்கை நீட்டி நக்கிக்கொண்டாள், அதைப் பார்த்து ஜெயக்கனி அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள்.

லிங்கதுரை கடைசி மணலில் நின்றார். அவருக்குப் பின்னால் ஊர் நின்றது.

“புஷ்பம், குடிக்கானா?” என்று கேட்டார்.

“முட்டி முட்டிக் குடிக்கான். அங்க நின்னு கேட்டா எப்படி, வந்து பாருங்க.”

அவர் குனிந்து தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஆற்றில் இறங்குகிறவர் மாதிரி, ஒரு காலை எடுத்து வைத்தார். தாகம் அவரையும் சும்மா விடவில்லை, ரோட்டில் குப்புறத் தள்ளியது, பிள்ளை மாதிரி தண்ணி தண்ணியென்று அரற்ற வைத்தது, ஊரின் முன்னால் அவருக்கிருந்த மரியாதையெல்லாம் அந்தப் புழுதியில் புரண்டது. இந்தத் தடவை மூடியைப் பிடித்து ஊற்றியவள் தங்கபுஷ்பம். கேட்டபோதெல்லாம் கொடுக்காமல், வைதுகொண்டே கொடுத்தாள்.

அவர் எழுந்து உட்கார முடிந்ததும் ஜெயக்கனி பிள்ளையை அப்பா மடியில் கிடத்தினாள். வயிறு நிறைந்து, வாயோரம் பால் வடிய, அவன் தூங்கிக்கொண்டிருந்தான். லிங்கதுரை அசையாமல் உட்கார்ந்திருந்தார், கால்கூடத் தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் வேட்டியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது, பரவிப் பரவி மடியை நனைத்து, தொடையில் வழிந்து, தார்ரோட்டில் கோடாக ஓடியது. ஒரு துளி இல்லை, தாராளமாக.

“இவன் நனைச்சிட்டாம்ட்டீ” என்றார். அதைச் சொல்லும்போது அவர் வாய் கோணியது, கண் நிறைந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

மணல் ஓரத்தில் நின்றவர்கள் அந்த ஈரக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், கொஞ்சம் கூச்சத்தோடு, கேனில் இன்னும் தண்ணீர் கிடக்கிறதா என்று கேட்டது.